வளைவை மாட்டாமல் வண்டியை எடுக்காதே

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். வாசலில் பந்தல்காரரோடு நின்று நீ சிரிக்கிற சத்தம் சமையல்கட்டு ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். பேசத்தான் வந்தேன். நேற்றிலிருந்து மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் என் வாயை அடைத்து அனுப்பிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை மட்டும்தான் வர வேண்டுமாம். நல்ல வார்த்தை இப்போது என்னிடம் இருப்பில் இல்லை. அதனால் அங்கன்வாடிக்கு அறிக்கை எழுதுகிற நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் இதைப் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். காலையில் எழுந்ததும் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்கிற உன் சித்தப்பாமார், சித்திமார் எல்லோரும் ஒரு நாளைக்கு இதையும் படிக்கட்டும்.

நேற்றுக் காலை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கொல்லைப்பக்கம் போனேன். உன் புது டிராக்டரின் வளைவு கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ஓட்டுகிறவனுடைய சீட்டுக்குப் பின்னால் இரண்டு காலும் ஊன்றி, தலைக்கு மேலே வளைந்து நிற்குமே, அந்த இரும்பு. கம்பெனிக்காரர்கள் ரோல் பார் என்கிறார்கள், நம் ஊரில் வளைவு என்கிறோம். அதைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் நான் காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில் கிடந்தன. பக்கத்தில் அலங்காரம் செய்ய வந்த பையன் தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருந்தான். இதை யார் கழற்றியது என்று கேட்டேன். "அண்ணன்தான் கழட்டச் சொன்னாக. போட்டோவுல அந்தக் கம்பி அசிங்கமாத் தெரியும்மா. அந்த எடத்துலதான் பூக்குடை வருது" என்றான். அவனைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. அவன் பூவுக்கு வந்தவன். நீ இரும்பை அறிந்தவன்.

அப்புறம்தான் உங்கள் திட்டம் முழுதும் எனக்குத் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை கீரனூர் மண்டபத்தில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்ததும் நீயே டிராக்டரை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வருவாய். சௌமியா பட்டுப்புடவையும் மாலையுமாக உன் இடது பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து வருவாள். வலது மட்கார்டில் உன் சிநேகிதன் கேமராவோடு தொங்குவான். பின்னால் டிரெய்லரில் நம் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் நின்று ஆடுவார்கள். திருச்சி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகிற வேகத்தில், அதற்கு நடுவே நீங்கள் ஊர்ந்து வந்து, பிரிவு ரோட்டில் திரும்பி, கண்மாய்க்கரை மேல் ஏறி வீட்டுக்கு வந்து சேருவீர்களாம். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "கார்ல எல்லாரும்தான் வாராங்க. டிராக்டர்ல வந்தாத்தாம்மா கெத்து."

அதோடு விட்டாயா? சீட்டில் இருந்த பெல்ட்டைக் கழற்றி, பாட்டுப் பெட்டியை அசையாமல் கட்டி வைத்திருக்கிறாய். நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி நன்றாக இறுக்கியிருந்தாய். வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் பாட்டுப் பெட்டி பத்திரமாக வீடு வந்து சேரும். என் பிள்ளை வருவானா, வந்த மருமகள் வருவாளா என்பதற்குத்தான் ஒரு கயிறும் கட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வாளியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து உன் பெரியப்பாவிடம் சொன்னேன். இந்த வளைவை மாட்டச் சொல்லுங்கள், இவன் அப்பா எப்படிப் போனார் என்று உங்களுக்குத் தெரியாதா என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னை முறைத்தார். "ஏம்மா, பந்தக்கால் நட்ட வீட்டுல பேசுற பேச்சா இது? வாயக் கழுவும்மா மொதல்ல. நல்ல காரியத்துக்கு நடுவுல செத்த கதையக் கொண்டாந்து வைக்கிறியே" என்றார். சுற்றி நின்ற பெண்கள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி நின்றாய். மத்தியானம் மறுபடி வந்தேன். "அம்மா, ப்ளீஸ், மூடைக் கெடுக்காத" என்றாய். சாயங்காலம் வந்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உன் பெரியம்மா தட்டில் அட்சதை அரிசியைக் கொண்டுவந்து, மஞ்சள் கலக்கச் சொல்லி என் கையில் திணித்தாள். கலந்து கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறைய வேண்டும் போல் இருந்தது.

நீ சிங்கப்பூரில் ஆறு வருடம் கட்டட வேலை செய்தாய். போன முதல் மாதம் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். தலையில் மஞ்சள் ஹெல்மெட், தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பட்டை பட்டையாகப் பெல்ட், அந்தப் பெல்ட்டிலிருந்து ஒரு கொக்கி. "இதை மாட்டாம ஒரு அடி மேல ஏற விட மாட்டாங்கம்மா. மாட்டலேன்னா அன்னைக்கே அனுப்பிச்சு விட்ருவாங்க" என்று பெருமையாகச் சொன்னாய். அந்தப் போட்டோவை நான் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்தேன். என் பிள்ளையைக் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு இப்போது ஒன்று மட்டும் சொல். அந்த ஊர் சூப்பர்வைசர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு பெல்ட் போடுவாய், பெற்றவள் சொன்னால் மூடைக் கெடுக்காதே என்பாயா? நீ யார் பிள்ளை என்றே தெரியாதவனுக்கு இருந்த அக்கறை உனக்கே உன் மேல் இல்லாமல் போய்விட்டதே. சொந்த ஊருக்கு வந்தால் இரும்பு மெத்தென்று ஆகிவிடும் என்று உனக்கு யார் சொன்னது?

சரி, உன் அப்பா கதைக்கு வருகிறேன். நீ அதைச் சரியாகக் கேட்டதே இல்லை. நீ அப்போது திருச்சியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாய். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பொய் சொல்லி உன்னை பஸ்ஸில் கூட்டி வந்தார்கள். நீ வந்து சேர்ந்தபோது வாசலில் சேர் போட்டாயிற்று. வண்டி கவிழ்ந்துவிட்டது, நேரம் சரியில்லை, கண்ணுபட்டுவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். பதினோரு வருடமாக அதையேதான் சொல்லி வருகிறேன். அது பொய். முழுக் கதையையும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதல் நாள் மழை பெய்திருந்தது. அப்பா மேலக்காட்டில் ரொட்டவேட்டர் மாட்டி உழுதுவிட்டு, காலை பத்து மணிக்குக் கண்மாய்க்கரை மேல் திரும்பி வந்துகொண்டிருந்தார். மாட்டு வண்டி போகிற வேகம்தான். அவர் என்றைக்கும் வேகமாக ஓட்டினவர் இல்லை. எதிரே பால்காரர் டி.வி.எஸ்-சில் கேனோடு வந்தார். இவர்தான் யாருக்கும் வழிவிடாமல் போக மாட்டாரே, இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கினார். கரையோரம் ஈரத்தில் ஊறியிருந்தது. பின் சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்து வண்டி சாய்ந்தது. பால்காரர் தன் டி.வி.எஸ்ஸை ஸ்டாண்டு போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார். அப்பா சீட்டிலிருந்து கீழே விழுந்தார், அவர் மேல் வண்டி விழுந்தது. இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத சரிவு அது. இன்றைக்கும் அந்தப் பால்காரர் என்னை எங்கே பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது.

நான் ஓடிப் போனபோது ஸ்டியரிங் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் சேற்றுக்கு வெளியே தெரிந்தது. என்னைக் கிட்டே விடாமல் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஜே.சி.பி. வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், தம்பி. என்னவோ சொல்ல வாயசைத்தார். என்னால் கிட்டே போய்க் காதைக் கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஜே.சி.பி. வருவதற்குள் அந்த வாயசைப்பும் நின்றுவிட்டது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த டிராக்டருக்கும் வளைவு இருந்தது. வாங்கி வந்த அன்றைக்குக் கொட்டகைக்குள் விடப் பார்த்தோம். நம் கொட்டகை பழைய வண்டிக்குக் கட்டியது, நிலைச்சட்டம் தாழ்வு. வளைவு முக்கால் அடிக்கு இடித்தது. கொட்டகையை உயர்த்திக் கட்டலாம் என்றார் உன் அப்பா. நான்தான் சிரித்தேன். "இந்தக் கம்பிக்காகக் கூரையப் பிரிப்பாகளா? கழட்டி இங்கிட்டுக் குடுங்க, எனக்கு அவரைக்குப் பந்தல் போட ஆகும்" என்றேன். நான் கேட்டு அவர் எதற்கு மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்? அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார். கொல்லையில் குழி வெட்டி அவர் கையாலேயே அதை நட்டுக் கொடுத்தார். நல்ல கனமான இரும்பு, ஆடவே ஆடாது. அதன் மேல் அவரைக்கொடியை ஏற்றினேன். அந்த வருடம் அப்படிக் காய்த்தது. பறித்துப் பறித்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். நீ ஹாஸ்டலிலிருந்து வந்தபோதெல்லாம் அவரைக்காய்ப் பொரியல் தின்றாயே, அது அந்தப் பந்தலில் பறித்ததுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, வண்டியை விற்றுவிடலாம் என்று ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் நசுங்கின வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சீட்டுக்குப் பின்னால் நான்கு ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதோட வளைவு எங்கம்மா?" என்று கேட்டார். நான் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் போய்ப் பார்த்தார். கொடியை விலக்கி அந்த இரும்பைத் தொட்டார். அப்புறம் திட்டுகிற குரலில் இல்லாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "வண்டி கவுந்தாலும் ஓட்டுறவரு உக்காந்த மேனிக்கே இருக்கணும்மா, அதுக்குத்தான் இது. வளைவு தரையில ஊனிக்கும், வண்டி முழுசா உருளாது. பெல்ட்டு ஆளை வெளிய விழாமப் புடிச்சுக்கும். ரெண்டும் ஜோடி. வளைவு இருந்து பெல்ட்டு போடலேன்னா, வெளிய விழுந்து அந்த வளைவுக்கே அடியில மாட்டிக்குவாங்க. வளைவு இல்லாம பெல்ட்டை மட்டும் போட்டா, வண்டியோட சேத்துக் கட்டி வச்சு நசுக்குன மாதிரி ஆயிரும்." இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு மத்தியானமே அந்தக் கொடியை வேரோடு பிடுங்கினேன். பிஞ்சும் பூவுமாக இருந்தது. அதைப் பிடுங்கும்போதும் எனக்கு அழுகை வரவில்லை, என் கையைத்தான் வெட்டிப் போட வேண்டும் என்று இருந்தது.

ஆனால் வெளியே வந்து யாரிடமாவது சொன்னேனா? இல்லை. புது வண்டி, பார்க்கிறவன் கண்ணெல்லாம் அதன் மேல்தான், அதனால்தான் இப்படி ஆயிற்று என்றாள் உன் பெரியம்மா. ஆமாம் என்று தலையாட்டினேன். எலுமிச்சம்பழம் வாராவாரம் மாற்றாமல் விட்டதுதான் குற்றம் என்றார் உன் பெரியப்பா. அதற்கும் தலையாட்டினேன். கண்திருஷ்டி என்று ஆகிவிட்டால் அதில் என் பங்கு இல்லை பார். அந்தச் சௌகரியத்துக்காகப் பதினோரு வருடம் ஊமையாக இருந்தேன். நான் அன்றைக்கே தெருவில் நின்று கத்தியிருந்தால், இந்த ஊரில் ஒரு பத்து வண்டிக்காரனாவது கழற்றிப் போட்ட வளைவைத் திரும்ப மாட்டியிருப்பான். நீயும் நேற்று அந்த போல்ட்டைத் தொட்டிருக்க மாட்டாய். உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம். மீதிப் பாதி உனக்கே உனக்கு, அதைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். இப்போது உன் புது வண்டியைப் பார்க்கிறேன். முன்னால் பூசணிக்காய் பொம்மை தொங்குகிறது, எலுமிச்சை தொங்குகிறது, மிளகாய் தொங்குகிறது, கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் காவல் போட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிகிற இரும்பைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருக்கிறீர்கள்.

உன் வாயில் இப்போது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மெதுவாகத்தானே போவோம் என்பாய். அப்பாவும் மெதுவாகத்தான் வந்தார். சாய்ந்தால் குதித்துவிடுவேன் என்பாய். டீக்கடையில் நீங்கள் இந்த வீரம் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். "கவுந்தா என்ன, ஒரே தாவு" என்று உன் சிநேகிதன் தொடையைத் தட்டினான். உன் அப்பா வருடாவருடம் மஞ்சுவிரட்டில் மாட்டுக்கு முன்னால் பாய்ந்தவர். அவரால் தாவ முடியவில்லை. ஒரு தும்மல் தும்முகிற நேரத்தில் முடிகிற விஷயம் அது. குதிக்கப் பார்க்கிறவன் வண்டி சாய்கிற பக்கமே விழுகிறான். நீ பட்டு வேட்டி வேறு கட்டியிருப்பாய். மடித்துக் கட்டின வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு, எங்கே குதிப்பாய்? குதிக்கிறாய் என்றே வைத்துக்கொள்வோம். மட்கார்டில் மாலையோடு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் எங்கே குதிப்பாள்? டிரெய்லரில் ஆடுகிற பிள்ளைகள்? நீ குதித்துவிட்டு நின்று பார்ப்பாயா?

மட்கார்டைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டாம், நானே உட்கார்ந்தவள்தான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு மாதமும் மட்கார்டில் உட்கார்ந்துதான் போனேன். அது சொகுசாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஊரே நின்று பார்க்கும். உன் அப்பா அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். ஏழாம் மாதம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது என் வலது கால் செருப்பு நழுவி விழுந்தது. பின் சக்கரம் அதன் மேல் ஏறிப் போயிற்று. எடுத்துப் பார்த்தால் மண்ணோடு ஒட்டின தகடாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "செருப்புதானே போச்சு, புதுசு வாங்கித் தாரேன்" என்றார். என் கால் அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தது. நீ என் வயிற்றில் இருந்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது. நீ நடக்க ஆரம்பித்த பிறகு உன்னை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டு அவர் வயலைச் சுற்றி வருவார், நான் வரப்பில் நின்று கை தட்டுவேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதால் அது சரி என்று நினைத்துக்கொண்டோம். நீயும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். மட்கார்டு என்றால் பெண்டாட்டி உட்காருகிற இடம் என்று உனக்குப் பாடம் நடத்தியதே நாங்கள்தான். அந்தப் பாடம் தப்பு. உட்காருவதற்காக அதை யாரும் செய்யவில்லை, சக்கரம் வாரியடிக்கிற சேற்றை மறைக்கத்தான் செய்தார்கள்.

இன்று காலை நான் சௌமியாவுக்குப் போன் செய்தேன். மணமேல்குடிக்குப் போன் போட்டு அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். வளைத்துப் பேசாமல் நேரடியாகவே கேட்டேன், மட்கார்டில் உட்கார்ந்து வர உனக்கு ஆசையா என்று. மெதுவாகச் சொன்னாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு அத்தை. எங்க புடிச்சுக்கிறதுன்னே தெரியல. அவங்க ரொம்ப ஆசையாச் சொன்னாங்க, இப்பவே வேண்டாம்னு சொன்னா என்ன நெனைப்பாங்களோன்னு பேசாம இருந்துட்டேன்." கேட்டாயா? உன் கெத்துக்காக, தாலி ஏறுவதற்கு முன்பே ஒரு பெண் பயத்தை விழுங்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். உன் அப்பாவைப் பற்றி நீ அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னாயாம். நான் முழுதும் சொன்னேன். அவரைக்கொடிப் பந்தலையும் சொன்னேன். உன்னைவிட ஒரு மணி நேரம் முன்பாகவே அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் போனில் அழுதாள். நான் அழாதே என்று சொல்லவில்லை. காரில் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "சரி அத்தை, கார்லயே வாரேன்" என்றாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டம்ளரில் கிடக்கிற நான்கு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் மெக்கானிக்கைக் கூட்டி வா. வளைவை அவர் கையால் மாட்டி முறுக்கட்டும். பூக்காரப் பையனை வைத்து மாட்டாதே, நீயும் மாட்டாதே. பெல்ட்டைப் பாட்டுப் பெட்டியிலிருந்து அவிழ்த்து, சீட்டில் எங்கே இருந்ததோ அங்கே பூட்டச் சொல். அம்மா திட்டினாள் என்பதற்காக வளைவை மாட்டாமல் பெல்ட்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்காதே. அதற்கு நீ கட்டாமலே போகலாம், மெக்கானிக் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படி. டிரெய்லரைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிடு, பிள்ளைகளுக்கு வேன் பிடித்திருக்கிறேன். ஆட வேண்டும் என்றால் வீட்டு வாசலில் இறங்கி ஆடட்டும், விடிய விடிய ஆடட்டும். கேமராக்காரன் பைக்கில் வரட்டும். இவ்வளவும் செய்த பிறகும் மாப்பிள்ளை டிராக்டரில்தான் வர வேண்டும் என்றால், வேட்டியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கிற இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் கோத்துக்கொண்டு, நீ ஒருத்தன் மட்டும் வா. கரையில் எதிரே யார் வந்தாலும் நின்றுவிடு. ஓரத்தில் ஒதுங்காதே. அவர்கள் ஒதுங்கிப் போகட்டும். பூ எவ்வளவு வேண்டுமானாலும் வை. அந்த வளைவிலேயே சுற்று, நான் மல்லிகை வாங்கித் தருகிறேன்.

மாட்டேன் என்று நீ சொல்லலாம். உன் பெரியப்பா, இந்தப் பொம்பளை பேச்சையெல்லாம் கேட்கிறாயா என்று உன்னைத் தூண்டிவிடலாம். அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். உன் அப்பா போனதிலிருந்து நல்ல காரியத்துக்கு எதிரே நான் வரக்கூடாது என்று இந்த ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வளைகாப்புக்குப் பின்வரிசையில் நின்றேன். சீர்த்தட்டு வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ பெண் பார்க்கப் புறப்பட்டபோது, நான் எதிரே வந்துவிடக் கூடாது என்று என்னைச் சமையல்கட்டில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஆரத்தி எடுக்க வேறு யாரையோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும், அதுதானே உங்கள் சாஸ்திரம்?

வெள்ளிக்கிழமை தாலி கட்டி முடிந்ததும் நான் சாப்பிடாமல் முன்னதாகவே மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிடுவேன். கண்மாய்க்கரையில், உன் அப்பா விழுந்த இடத்தில், ரோட்டுக்கு நடுவே நிற்பேன். வளைவு இல்லாமல் அந்த வண்டி வந்தால் நேராக எதிரே நடந்து வருவேன். எல்லோரும் பதறிப்போய், அபசகுனம், அபசகுனம், வண்டியை நிறுத்து என்று கத்துவார்கள்.

நிறுத்து. அதற்குத்தான் வருகிறேன்.

அம்மா